லாரி மாடலில் கைவேலை நுணுக்கங்கள்: ஸ்டைரீனா, பித்தளையா, சால்டரா, பிரிண்டா?

1/25 அளவில் அமெரிக்க லாரி மாடல் கட்டுபவர்களிடம் அதிகம் புழங்கும் கிட்களில் (பாகங்களாக வரும் மாடல் பெட்டிகளில்) ஏஎம்டி நிறுவனத்தின் பீட்டர்பில்ட் 359 ஒன்று. அசல் வண்டி 1967 முதல் 1987 வரை தயாரானது. நீள மூக்கு, பக்கவாட்டில் உருளை டீசல் டேங்க், கேபினுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாய் என்று பார்த்தவுடன் அடையாளம் தெரியும் வண்டி. இப்படிப்பட்ட கிட்டைப் பெட்டியில் வந்தபடியே கட்டினாலும் அலமாரியில் எடுப்பாகத்தான் நிற்கும். கையில் எடுத்துத் திருப்பினால்தான் குறை தெரியும். கைப்பிடிகள் தடித்திருக்கும். பக்கக் கண்ணாடிச் சட்டத்தில் வார்ப்பு அச்சின் தையல் கோடு ஓடும். சக்கர அச்சில், காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் பிரேக் சேம்பர் உட்கார்ந்திருக்கும், அதற்குக் காற்று கொண்டுவரும் ஹோஸ் இருக்காது.

இந்த இடங்களைக் கையால் செய்து நிரப்ப வழிகள் ஐந்து உண்டு. வெட்டி ஒட்டும் பிளாஸ்டிக்கான ஸ்டைரீன் தாளும் குச்சியும். வளைத்துப் பற்றவைக்கும் பித்தளை. சால்டர் (பற்றவைக்கப் பயன்படும் ஈய, வெள்ளீயக் கலவை), ஈயம், செம்பு என்ற ஒயர் வகைகள். அமிலத்தில் அரித்தெடுத்த மெல்லிய உலோகத் தகடான ஃபோட்டோ எட்ச். ரெசின் 3டி பிரிண்ட். கடைசி வழிக்கு இப்போது மவுசு அதிகம். மொத்தத்தையும் பிரிண்ட் போட்டு ஒட்டிவிடலாம் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. அந்த நினைப்போடு இறங்கினால் கண்ணாடிச் சட்டம் முதல் மாதமே ஒடியும்.

எந்தப் பொருள் உசத்தி என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. மாடல் முடிந்தபிறகு அந்தப் பாகத்துக்கு என்ன நேரப்போகிறது என்று கேட்டால் பதில் உடனே கிடைக்கும். தூக்கும்போது விரல் படுமா? இரண்டு முனைகளுக்கு நடுவே வளைந்து தொங்க வேண்டுமா? இன்னொன்றின்மேல் தட்டையாக ஒட்டி உட்காருமா? ஒரே அச்சாக அறுபது வேண்டுமா? இந்த நான்கு கேள்விகளில்தான் தேர்வு இருக்கிறது.

முதலில் வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி)

பொருளைத் தொடுவதற்கு முன் தடிமனைக் கணக்கிட வேண்டும். கைவேலை நுணுக்கம் பொம்மைத்தனமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் தடிமன்தான். அசல் அளவை மில்லிமீட்டரில் எடுத்து 25-ஆல் வகுத்தால் போதும். இத்தாலேரி, ரெவெல் போன்றவர்களின் ஐரோப்பிய லாரி என்றால் 24-ஆல் வகுக்க வேண்டும்.

சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் சேறு தடுப்பான மட் ஃபிளாப்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வண்டியில் பொதுவான அளவு 24-க்கு 30 அங்குலம், தடிமன் கால் முதல் மூன்றே எட்டு அங்குலம். மாடலில் 24.4-க்கு 30.5 மி.மீ., தடிமன் 0.25 முதல் 0.38 மி.மீ. அசலும் ரப்பர்தானே என்று பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டுபவர்கள் உண்டு. டியூபின் தடிமன் ஏறக்குறைய 1 மி.மீ.; அசல் அளவில் 25 மி.மீ. கனமுள்ள ரப்பர் பலகை ஆகிறது. அசல் பொருளையே பயன்படுத்துவது நேர்மையாகத் தோன்றும், கண்ணுக்கு அது பொய்யாகத்தான் தெரியும். 0.25 மி.மீ. ஸ்டைரீன் தாளை வெட்டி, பளபளப்பில்லாத கருஞ்சாம்பல் அடித்து, கீழ்ப்பகுதியைப் பேனாத் தண்டில் சுற்றி லேசாக வளைவு கொடுத்தால் ரப்பராகவே தெரியும்.

ஏர் லைன்கள்: செலவு குறைவு, பலன் அதிகம்

ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அதை ஏர் லைனுக்கு, அதாவது பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்களுக்குக் கொடுங்கள். வண்டியின் அடிப்பக்கத்தை இவ்வளவு மாற்றும் வேலை வேறில்லை.

அசலில் இரண்டு வகைக் குழாய்கள் ஓடுகின்றன, இரண்டின் தடிமனும் வேறு. சேசிஸ் நெடுக ஓடுவது நைலான் குழாய்: வெளிவிட்டம் கால், மூன்றே எட்டு, அரை அங்குலம். சேசிஸிலிருந்து அசையும் அச்சுக்கு இறங்குவது கனமான ரப்பர் ஹோஸ்: வெளிவிட்டம் ஏறக்குறைய முக்கால் அங்குலம். மாடலில் முறையே 0.25, 0.38, 0.5 மி.மீ.; ரப்பர் ஹோஸ் 0.76 மி.மீ. எல்லா இடத்திலும் ஒரே ஒயரை ஓட்டினால் எவ்வளவு பொறுமையாகச் செய்தாலும் அசலோடு ஒட்டாமல் நிற்பது இதனால்தான்.

ரப்பர் ஹோஸுக்கு 0.8 மி.மீ. சால்டர் ஒயரை மிஞ்ச ஒன்றுமில்லை. வளைத்த இடத்தில் நிற்கும், திரும்பி நிமிராது. அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஹோஸ் கொஞ்சம் தொய்ந்து தொங்க வேண்டும். ஸ்பிரிங் அசையும்போது இழுபடாமல் இருக்க அசலில் விடும் தொய்வு அது. செம்புக் கம்பியில் அந்தத் தொய்வு கோணலாகத்தான் வரும். சால்டரில் விரல் நுனியால் அழுத்தினால் இயல்பாக விழுகிறது. ட்வீசரால் பிடிக்காதீர்கள், பல் தடம் பதிந்துவிடும். பிடித்தே ஆகவேண்டும் என்றால் ட்வீசர் நுனியில் மாஸ்கிங் டேப் சுற்றிக்கொள்ள வேண்டும்.

சுத்த ஈயக் கம்பியும் கடைகளில் கிடைக்கிறது, 0.3 மி.மீ. முதல். சால்டரைவிட இன்னும் மென்மை. ஆனால் அதற்கு ஒரு நோய் உண்டு. மரப்பெட்டிக்குள் மூடி வைத்தால் மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். கப்பல் மாடல்களைப் பாதுகாப்பவர்களுக்கு இது பழைய தலைவலி. பெயிண்ட் பூச்சு அதைத் தள்ளிப்போடுமே தவிர முழுக்கத் தடுக்காது. வெள்ளீயம் அதிகம் கலந்த 60/40 சால்டர் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். இரண்டிலும் ஈயம் இருப்பதால் வேலை முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும், உரசிய தூளை ஊதக்கூடாது.

சேசிஸ் நெடுக ஓடும் நைலானுக்குச் சால்டர் சரிவராது. நீளமாக, நேராக, ஒன்றுக்கொன்று இணையாக ஓட வேண்டிய இடம் அது. மென்மையான ஒயர் அங்கே அலை அலையாகத் தெரியும். இங்கே செம்பு கைகொடுக்கும். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1 சதுர மி.மீ. ஒயரில் 14/0.3 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: 0.3 மி.மீ. இழைகள் பதினான்கு. ஒரு மீட்டர் வாங்கினால் பதினான்கு மீட்டர் கால் அங்குல நைலான் கையில். ஓர் இழையின் ஒரு முனையை வைஸில் பிடித்து மறுமுனையைக் குறட்டால் மெல்ல இழுத்தால், ஒரு கணம் இழுபட்டு நூல் பிடித்ததுபோல் நேராகிவிடும். அறுந்தால் அதிகம் இழுத்திருக்கிறீர்கள்.

அரை அங்குலக் குழாய்க்கு 30 ஏடபிள்யூஜி (ஒயர் தடிமன் எண்) வயர்-ராப் என்ற மெல்லிய மின்னணு ஒயர் அளவெடுத்தது போலப் பொருந்தும். உள்ளே 0.25 மி.மீ. செம்பு, உறையோடு சேர்த்து 0.5 மி.மீ. சிவப்பு, நீலம், கருப்பு, மஞ்சள் எனப் பல நிறங்களில் வருவதால் பெயிண்ட் வேலை மிச்சம். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத்தெருக்களில் சுருளாகக் கிடைக்கும். இதில் சிக்கல் இரண்டு. சுருளில் இருந்த வளைவை மறக்க மறுக்கும். உறையில் சூப்பர் க்ளூ சரியாகப் பிடிக்காது. அதனால் முனையில் 2 மி.மீ. உறையை உரித்து, உள்ளிருக்கும் செம்பை 0.3 மி.மீ. துளையில் செருகி அங்கே பசை வைக்க வேண்டும். நடுவில் பசையை நம்பக்கூடாது, கிளிப்பை நம்ப வேண்டும்.

கிளிப் என்பது 0.5 மி.மீ. அகலத்தில் வெட்டிய அலுமினிய டேப் துண்டு. ஓடும் குழாய்களை 15 முதல் 20 மி.மீ. இடைவெளியில் கட்டுக்கட்டாகச் சேர்த்து சேசிஸின் உள்பக்கச் சுவரில் ஒட்டினால் அசலின் கட்டு முறை அப்படியே வரும்.

எத்தனை ஹோஸ்? இரட்டைப் பின் அச்சு உள்ள டிராக்டரில் (டிரெய்லரை இழுக்கும் முன் வண்டியில்) நான்கு பின் சேம்பர்கள். ஸ்பிரிங் பிரேக் சேர்ந்த சேம்பர் என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஹோஸ்: ஒன்று ஓடும்போது பிடிக்கும் பிரேக்குக்கு, மற்றொன்று நிறுத்தும் பிரேக்குக்கு. நான்கும் அப்படி இருந்தால் எட்டு. முன் அச்சில் சேம்பருக்கு ஒன்று வீதம் இரண்டு. ஆக மொத்தம் பத்து. இதில் ஒரு சலுகையும் உண்டு. அமெரிக்க விதிப்படி 1980 ஜூலை 25-க்கு முன் தயாரான, மூன்று அல்லது அதற்கு மேல் அச்சுள்ள லாரிக்கு முன் சக்கர பிரேக் கட்டாயமில்லை. எழுபதுகளின் 359 ஒன்றை முன் சேம்பர் இல்லாமல் கட்டினால் குறை சொல்ல வழியில்லை. 1985 வண்டி என்று எண் பலகை மாட்டிவிட்டு அதை விடமுடியாது.

ஹோஸின் முனையில் வெறும் ஒயர் துளைக்குள் போவதாகத் தெரிந்தால் அதுவரை பட்ட பாடு வீண். பித்தளை இணைப்பு ஒன்று அங்கே தெரிய வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசி இதற்கு வாகு. இளஞ்சிவப்புத் தலை கொண்ட 18 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 1.27 மி.மீ., உள்விட்டம் 0.84 மி.மீ. 0.8 சால்டர் உள்ளே வழுக்கிப் போகும். பச்சைத் தலை 21 கேஜின் உள்விட்டம் 0.51; வயர்-ராப் ஒயர் இறுக்கமாகப் போகும். 1 மி.மீ. நீளத் துண்டுகளாக வெட்டினால் ஃபெரூல் எனும் இணைப்பு வளையம் தயார். துருப்பிடிக்காத எஃகு என்பதால் கத்தி வேலைக்கு ஆகாது; சுழலும் கட்டிங் டிஸ்க் வேண்டும், கண்ணாடி அணியாமல் தொடக்கூடாது. உள்ளே கம்பி ஒன்றைச் செருகிவைத்து வெட்டினால் துண்டு பறந்து தொலையாது. புது ஊசியாக வாங்கி, கூர்முனையை முதல் வெட்டிலேயே கழித்துவிடுங்கள். பித்தளை நிறத்துக்கு ஒரு தொடு பெயிண்ட் போதும்.

வரிசை முக்கியம். சேம்பர், வால்வு, டேங்க் எல்லாவற்றிலும் துளைகளைப் பெயிண்டுக்கு முன்பே போட வேண்டும். ஒயரை சேசிஸ் பெயிண்ட் காய்ந்தபிறகுதான் ஓட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் ஒயருக்குப் பின்னால் ஸ்பிரே போகாமல் வெள்ளைப் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். துளைக்கு மின் டிரில் வேண்டாம். வேகத்தில் ஸ்டைரீன் உருகி பிட்டைச் சுற்றிக்கொள்ளும். பிட்டை, பின் வைஸ் எனும் பேனா போன்ற கைப்பிடியில் பிடித்து விரலால் சுற்றினால் போதும்.

கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவே போகும் இணைப்பில் நிறத்தைத் தவறவிட வேண்டாம். அமெரிக்க வண்டியில் சப்ளை லைன் சிவப்பு, சர்வீஸ் லைன் நீலம். ஐரோப்பிய வண்டியில் சப்ளை சிவப்பு, கட்டுப்பாட்டு லைன் மஞ்சள். ஸ்கேனியாவில் நீல ஹோஸ் மாட்டிய மாடல்கள் போட்டி மேசைகளிலும் தென்படுகின்றன. சுருள் ஹோஸ் வேண்டும் என்றால் ஒயரை 2 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான தண்டில் நெருக்கமாகச் சுற்றிக் கழற்றலாம். இங்கே சுத்த ஈயம் ஆகாது, தன் எடையிலேயே தொங்கிவிடும். செம்பு இழை சரியாக நிற்கும்.

கண்ணாடிச் சட்டம், கைப்பிடி: பித்தளைக்குப் போட்டி இல்லை

மாடலைத் தூக்கும்போதும் தூசி தட்டும்போதும் முதலில் அடிபடுவது பக்கக் கண்ணாடி. 7-க்கு 16 அங்குல வெஸ்ட் கோஸ்ட் கண்ணாடி மாடலில் 7.1-க்கு 16.3 மி.மீ.; அதைத் தாங்கும் குழாய்ச் சட்டம் முக்கால் அங்குலம், அதாவது 0.8 மி.மீ. கம்பி. இந்தத் தடிமனில் ஸ்டைரீன் குச்சி விரல் பட்டால் வளையும், இரண்டாம் முறை ஒடியும். ரெசின் பிரிண்ட் வளையாமலே ஒடியும். பித்தளை அடி வாங்கினாலும் குறட்டால் நிமிர்த்திவிடலாம்.

பித்தளை என்று முடிவானதும் அடுத்த கேள்வி பற்றவைப்பதா, சூப்பர் க்ளூவா. சோம்பல் க்ளூ பக்கம் இழுக்கும். 0.8 மி.மீ. கம்பியின் முனை இன்னொரு கம்பியில் முட்டும் இடத்தின் பரப்பு அரை சதுர மில்லிமீட்டர். சூப்பர் க்ளூ காய்ந்தால் கண்ணாடி போல ஆகும். இழுவையைத் தாங்கும், பக்கவாட்டு உதையைத் தாங்காது. அந்தப் பரப்பில் அது ஒரு தட்டுக்கு நிற்காது. பற்றவைக்கத்தான் வேண்டும், அது பயப்படும் அளவுக்குக் கடினமும் இல்லை.

ஒரு பிளைவுட் துண்டில் சட்டத்தின் வரைபடத்தை ஒட்டி, வளைவுகளின் உள்பக்கம் குட்டி ஆணிகள் அடித்து, கம்பியை அதைச் சுற்றி வளைக்க வேண்டும். இடது பக்கத்துக்குச் செய்த அதே அச்சில் வலது பக்கத்தையும் செய்து திருப்பிக்கொண்டால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். குறுக்குக் கம்பி சேரும் இடத்தில் வட்ட அரத்தால் ஒரு சின்னப் பள்ளம் எடுத்தால் குறுக்குக் கம்பி அதில் உட்காரும். இணைப்பின் பலத்தில் பாதி அந்தப் பள்ளத்தில் இருக்கிறது. ஃபிளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவும் பசைபோன்ற பொருள்) தடவி, 1 மி.மீ. சால்டர் துண்டை இணைப்பின் மேல் வைத்து, 25 வாட் சால்டரிங் அயர்னின் முனையைத் தடித்த கம்பியில் வைத்தால் ஓரிரு நொடியில் சால்டர் உருகி உள்ளே ஓடும். அயர்னைச் சால்டர்மேல் வைத்து அப்பினால் உருண்டையாக நிற்கும், கம்பியோடு சேராது. முடிந்ததும் சோப்பு வெந்நீரில் தேய்த்துக் கழுவாவிட்டால் மிச்சமிருக்கும் ஃபிளக்ஸ் பச்சையாகப் பூத்து பெயிண்டைத் தள்ளும். முழுச் சட்டமும் முடிந்தபிறகே கேபினில் மாட்ட வேண்டும். 60/40 சால்டர் உருகுவதற்கு 183 டிகிரிக்கு மேல் வேண்டும். ஸ்டைரீன் 100 டிகிரியிலேயே இளகிவிடும்.

கேபினில் மாட்டும்போது கம்பி முனைகள் 2 மி.மீ. உள்ளே செல்லும்படி துளை போட்டு எபாக்சியால் ஒட்டுங்கள். கேபினின் முன் கண்ணாடிக்கு அருகில் சூப்பர் க்ளூ வைத்தால் அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும்.

ஏறும் கைப்பிடிகளில் மட்டும் பித்தளைக்கு ஒரு மாற்று இருக்கிறது. ஒன்றேகால் அங்குலக் கைப்பிடி 1/25-இல் 1.27 மி.மீ.; மேலே சொன்ன 18 கேஜ் ஊசியின் வெளிவிட்டமும் அதுவே. பளபளக்கும் எஃகு, பெயிண்ட் தேவையில்லை, குரோம் பூச்சு என்றே நம்பலாம். நேரான கைப்பிடிக்கு மட்டும்தான் இது பொருந்தும். வளைத்தால் குழாய் நசுங்கும். வளைவுள்ளது என்றால் பித்தளையை வளைத்து, பளபளப்பான கருப்பு அடித்து, முழுதாகக் காய்ந்தபின் அதன்மேல் குரோம் பெயிண்ட் அடிப்பதே வழி. அடியிலிருக்கும் கருப்பு காயாமல் மேலே அடித்தால் குரோம் வெறும் சாம்பல் நிறமாகிவிடும்.

பெட்டி, தகடு, பட்டை: ஸ்டைரீன்

பேட்டரிப் பெட்டி, படிக்கட்டு, கருவிப்பெட்டி, சேசிஸ் குறுக்குச் சட்டம், கேபின் உள் தளம் என்று தட்டையும் மூலையும் உள்ள எல்லாவற்றுக்கும் ஸ்டைரீன்தான். பிரிண்ட் மெஷின் வைத்திருப்பவர்கள்கூட இதை ஒப்புக்கொள்வார்கள். மெல்லிய பெரிய தகடு ரெசினில் வந்தால் காயும்போதே விளிம்பு தூக்கும். ஸ்டைரீனில் கத்தியால் இரண்டு முறை கீறி மடித்தால் நேர்கோட்டில் உடையும், திரவ சிமெண்ட் எனும் பிளாஸ்டிக் பசை ஒட்டும் இடத்தையே உருக்கி ஒன்றாக்கிவிடும். வேறெந்தப் பொருளிலும் இணைப்பு இப்படி மறையாது.

வாங்க வேண்டிய தடிமன்கள் நான்கு போதும்: 0.25, 0.5, 0.75, 1.0 மி.மீ. பெட்டிச் சுவருக்கு 1.0, மூடி, விளிம்பு, பட்டை எல்லாம் மேலே ஒட்டும் 0.25. தாள் கிடைக்காத ஊரில், அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்ட வெள்ளைத் தயிர்க் கப், டப்பா மூடி ஆகியவை கைகொடுக்கும், அதுவும் பாலிஸ்டைரீன். சிமெண்டில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் சரியான பொருள். பெயர்ப்பலகைக் கடையில் கிடைக்கும் சன்போர்டு பிவிசி நுரை. அதைத் திரவ சிமெண்ட் தொடாது, வெட்டிய விளிம்பும் பஞ்சுபோல் நிற்கும்.

ஸ்டைரீனில் அவசரக்காரர்களைத் தண்டிக்கும் குறை ஒன்றுண்டு. ஆறு பக்கமும் மூடிய பெட்டிக்குள் சிமெண்டின் ஆவி அடைபட்டால், சில மாதம் கழித்துச் சுவர்கள் உள்வாங்கும். பார்க்காத அடிப்பக்கத்தில் 1 மி.மீ. துளை ஒன்று போட்டால் தொல்லை தீர்ந்தது. இரண்டு மெல்லிய தாள்களை முகத்தோடு முகம் ஒட்டும்போதும் இதே கதைதான்: சிமெண்டை முழுப்பரப்பிலும் பூசாமல் விளிம்பில் மட்டும் ஓடவிடுங்கள்.

டீசல் டேங்க் ஸ்டைரீனில் செய்ய வேண்டியதில்லை. கிட்டில் குரோம் பூசி இரண்டு பாதியாக வரும் டேங்கின் தையலை மறைக்க முயன்றால் குரோம் போய்விடும். மொத்தத்தையும் உரித்து மறுபடி பூச வேண்டிவரும். ஹார்டுவேர் கடையில் 25 மி.மீ. வெளிவிட்ட பிவிசி தண்ணீர்க் குழாய் வாங்கி வெட்டினால் அசல் அளவில் 625 மி.மீ., அதாவது ஏறக்குறைய 24.6 அங்குல டேங்க் கிடைக்கும். அச்சடித்த எழுத்தை உப்புத்தாளில் தேய்த்து, முனைகளுக்கு 1 மி.மீ. ஸ்டைரீன் வட்டங்களை எபாக்சியால் ஒட்டி, விளிம்பை உருட்டினால் தையலே இல்லாத டேங்க். பட்டைகளுக்கு ஏசி குழாய்களில் ஒட்டும் அலுமினிய டேப்பை 2 மி.மீ. அகலத்தில் வெட்டிச் சுற்றினால் இரண்டு அங்குலப் பட்டை. அசலில் பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே தெரியும் ரப்பருக்கு, அதற்கு அடியில் 2.5 மி.மீ. அகலக் கருப்பு டேப்.

அறுபது நட்டும் பிரிண்டும்

பிரிண்டின் உண்மையான வலிமை திரும்பத் திரும்ப வரும் சின்னப் பொருள்களில் இருக்கிறது. டிஸ்க் சக்கரம் போட்ட டிராக்டரில் வெளியே தெரியும் சக்கரங்கள் ஆறு, சக்கரத்துக்குப் பத்து நட்டு. பழைய ஸ்டட் பைலட் முறையில் (போல்ட்டுகளே சக்கரத்தை நடுநிறுத்தும் முறை) நட்டின் குறுக்களவு ஒன்றரை அங்குலம், மாடலில் 1.5 மி.மீ.; பிற்கால ஹப் பைலட் முறையில் (நடு ஹப் சக்கரத்தை நடுநிறுத்தும் முறை) 33 மி.மீ., மாடலில் 1.3 மி.மீ. அறுகோண ஸ்டைரீன் குச்சியை 0.8 மி.மீ. துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாக ஒட்டலாம். செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் கத்தி இறங்கும் கோணம் மாறினால் உயரம் மாறும். பத்தில் ஒன்று சாய்ந்தாலும் சக்கரம் சுற்றும்போது கண் அங்கேதான் போகும். பத்து நட்டையும் வட்டத்தோடும் ஹப்போடும் சேர்த்து ஒரே துண்டாகப் பிரிண்ட் போட்டால் இந்தச் சிக்கலே வராது. பிரேக் சேம்பரும் அப்படியே: விட்டம் சுமார் 8 அங்குலம் கொண்ட 30 வகைச் சேம்பர், இறுக்கும் வளையம், அதன் இரண்டு போல்ட், ஹோஸ் துளை எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக வரும். டிரெய்லரின் காற்றுக் குழாயை இணைக்கும் கிளாட் ஹேண்ட், ஆல்டர்னேட்டர், ரிலே வால்வு ஆகியவையும் பிரிண்டுக்கு ஏற்றவை.

மெஷின் இல்லாதவர் இதற்காக மெஷின் வாங்குவது வீண் செலவு. ரெசின், ஆல்கஹால் கழுவல், கையுறை, 405 நானோமீட்டர் விளக்கு, காற்றோட்டமான அறை எல்லாம் அதோடு சேர்ந்து வரும். பிரிண்ட் போட்டுத் தருபவரிடம் நட்டும் சேம்பரும் மட்டும் வாங்கிக்கொள்வது கட்டுப்படியாகும். வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: தாங்கு குச்சிகள் வெட்டிய தழும்பு எந்தப் பக்கம் இருக்கிறது? வெளியே தெரியும் முகத்தில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ரெசினில் அந்தத் தழும்பைத் தேய்க்கும்போது பக்கத்து நட்டும் சேர்ந்து போய்விடும். 0.5 மி.மீ.க்கும் மெல்லிய எதையும் பிரிண்டில் கேட்காதீர்கள். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் ரெசின் மேலும் இறுகி நொறுங்கும் தன்மைக்கு வரும். ஜன்னலோர அலமாரி அதற்கு எதிரி. திரவ சிமெண்ட் ரெசினை ஒட்டாது, சூப்பர் க்ளூ அல்லது எபாக்சிதான்.

ஃபோட்டோ எட்சுக்கு இந்த வண்டியில் இடம் கொஞ்சம்தான். முன் கிரில்லின் வலை, வைப்பர், பெயர் எழுத்து, பெடல். 0.1 முதல் 0.2 மி.மீ. தகடு என்பதால் மெல்லியதற்கு அது அரசன், உருண்டைக்கு ஆகாது. தகட்டில் வரும் கைப்பிடியும் கண்ணாடிச் சட்டமும் பக்கவாட்டில் பார்த்தால் நாடாபோலத் தெரியும். செட் வாங்கியிருந்தாலும் அந்த இரண்டையும் வெட்டாமல் தகட்டிலேயே விட்டுவிட்டுக் கம்பியில் செய்யுங்கள். செக்கர் பிளேட் படிக்கட்டு மட்டும் எட்சில் வாங்கத் தகுந்தது, அதிலும் கோடுகள் 1 மி.மீ. நீளத்துக்கு மேல் இருந்தால் அளவு பெரிது. பிளாஸ்டிக்கில் அச்சிட்ட செக்கர் தாள்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

முதல் முறை இறங்குபவர் வாங்க வேண்டியது: 0.25, 1.0 மி.மீ. ஸ்டைரீன் தாள் ஒவ்வொன்று, 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி ஒரு மீட்டர், 0.8 மி.மீ. சால்டர் ஒரு சின்னச் சுருள், 14/0.3 ஒயர் ஒரு மீட்டர், 18 கேஜ் ஊசி நான்கு, 0.3 முதல் 0.8 மி.மீ. வரை டிரில் பிட்டும் பின் வைஸும். 0.3 பிட்டில் குறைந்தது மூன்று வாங்குங்கள். அதிவேக எஃகு பிட்டாக இருக்கட்டும். கார்பைடு கூர்மைதான், ஆனால் கைச் சுழற்சியில் கை லேசாகச் சாய்ந்தாலே துளைக்குள் ஒடிந்து நிற்கும், பிறகு அந்தச் சேம்பரையே மாற்ற வேண்டியதுதான்.